பூட்டாமல் குறிப்பது

மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் கேண்டீனுக்குப் போன பிறகு கணினி அறையில் குளிர் கூடிவிடும், ஆள் குறைந்தால் குளிர் கூடுவது இயற்கைதான், ஆனாலும் இன்றைக்கு விரல் நுனியெல்லாம் வெளிறிப்போகிற அளவுக்கு இருக்கிறதே என்று இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு நல்லசிவம் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். திரையில் வரிகள் விழுந்துகொண்டிருந்தன. இந்த ஆஸ்பத்திரியில் எந்த மூலையில் யார் எந்த நோயாளியின் கோப்பைத் திறந்தாலும் இங்கே ஒரு வரி விழும்: திறந்தவர் பெயர், அவருடைய பிரிவு, திறந்த இடம், நோயாளியின் எண். அவ்வளவுதான். கோப்புக்குள் என்ன இருக்கிறது என்பது இங்கே தெரியாது, தெரியவும் கூடாது. அவன் எழுதிய புரோகிராம் இன்று காலையில்தான் ஓட ஆரம்பித்திருக்கிறது, சாயங்காலம் வரை ஒரு கோப்பும் சிக்கிக்கொள்ளாமல் ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியது அவன் வேலை, பார்த்துக்கொண்டிருந்தான். கண், காது மூக்கு, கண், ரத்தப் பரிசோதனை, பிரசவம், மறுபடி கண். ஈரோட்டில் வெயில் ஏறினால் கண்ணாஸ்பத்திரிக் கூட்டமும் ஏறும். ஏழு ஏழு மூன்றில் முடிகிற எண் வந்தால் பார்க்கக் கூடாது என்று காலையிலேயே தனக்குத் தானே சொல்லிவைத்திருந்தான். பார்க்கக் கூடாது என்றால் எப்படி, கண் அதுவாகத் தேடும், தேடாமலிருக்க வேண்டுமானால் வேறு எதையாவது தேடிக்கொண்டிருக்க வேண்டும், அதனால் ஆறில் முடிகிற எண்களாகப் பார்த்துக் கொஞ்ச நேரம் எண்ணினான், எண்ணிக்கை விட்டுப்போனது. ஏழு ஏழு மூன்று வசந்தாமணி. அவன் பெண்டாட்டி. இரண்டாம் மாடி வார்டில் காலையிலிருந்து பாட்டில் மருந்து ஏறிக்கொண்டிருக்கப் படுத்திருக்கிறாள். போன வாரம் வயிற்றுக்குள் ஊசிவிட்டு எடுத்த சதையின் முடிவு இன்றைக்கு வருகிறது. டாக்டர் மீனலோசனி, புற்றுநோய் டாக்டர், காலையில் ரவுண்ட்ஸ் வந்தபோது நின்றுகொண்டே சொன்னார்: "நாலு மணிக்கு வாங்க நல்லசிவம். ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வச்சுச் சொல்றேன்." ரெண்டு பேரையும் ஒண்ணா. அந்த ஒண்ணாவில் என்ன இருக்கிறது, நல்ல சேதியையும் ஒன்றாக உட்கார வைத்துச் சொல்லலாம்தானே, சொல்லுவார்களா, நல்ல சேதி என்றால் வார்டு வாசலில் நடந்துகொண்டே சொல்லிவிட்டுப் போய்விடமாட்டார்களா.

லாக் வேண்டும் என்று முதலில் கேட்டது நிர்வாக அதிகாரி தாமோதரன். அந்தப் பெண்ணின் விஷயம் நடந்த மறுநாள். பவானிப் பக்கத்துப் பெண், நிச்சயம் ஆனவள், இங்கே கர்ப்பப் பரிசோதனைக்கு வந்துபோன சங்கதி எப்படியோ மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டது, கல்யாணம் நின்றது, அவளுடைய அப்பா முன்கூடத்தில் நின்று, எவன்டா பாத்துச் சொன்னவன், எவன்டா பாத்துச் சொன்னவன், என்று கத்தினார், சத்தம் ஏறி ஏறிப் போய் ஒரு கட்டத்தில் குரலே வராமல் வாய் மட்டும் அசைந்தது. யார் பார்த்தது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. யார் பார்த்தது என்று எங்கேயும் எழுதப்படவில்லை. "எழுதினதைக் குறிக்கறோம், திருத்தினதைக் குறிக்கறோம், பாத்ததைக் குறிக்கறதில்ல. பாக்கறதுதான நல்லசிவம் ஆபத்து? எனக்கு லாக் வேணும்" என்றார் தாமோதரன். இவனும் அவசர அவசரமாக எழுதிக்கொடுத்தான். யார் கோப்பைத் திறந்தாலும் அந்தக் கோப்பின் ஓரத்திலேயே 'கடைசியாகப் பார்த்தவர்' என்று பெயர் ஏறுகிற மாதிரி. அதுதான் தப்பு. பெயர் ஏற வேண்டுமென்றால் கோப்பைத் திருத்த வேண்டும், ஒருவர் திருத்தும்போது இன்னொருவர் கைவைக்காமல் கணினி அதைப் பூட்டிவிடும், வெறுமனே பார்க்க வந்த ஆளும் திருத்த வந்த ஆளாகி வரிசையில் நின்றுவிட்டார். திங்கட்கிழமை கூட்டம். மருந்துக் கவுண்டர்த் திரையில் சக்கரம் சுற்றுகிறது, பரிசோதனைக் கூடத்தில் சக்கரம் சுற்றுகிறது, 'இந்தப் பதிவை வேறொருவர் பயன்படுத்துகிறார், காத்திருக்கவும்', வரிசை கேட்டைத் தாண்டிப் போய் ஆட்டோ ஸ்டாண்டில் வளைந்து நின்றது. தாமோதரன் வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்து, "லாக்குக் கேட்டா லாக்குப் பண்ணிப்போட்டீங்களே!" என்றார். குறிப்பதற்கும் லாக், பூட்டுவதற்கும் லாக், தமிழ் வாயில் இரண்டும் ஒன்றாகிப்போகிறது, அன்றைக்கு அறையில் எல்லோரும் சிரித்தார்கள், இவனும் சிரித்தான். வீட்டுக்குப் போய் வசந்தாமணியிடம் சொன்னதும் அவளும் சிரித்தாள், சிரிக்கும்போதே இடது கையால் விலாவுக்குக் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவன் பார்த்தான். பார்த்தும் குறித்துக்கொள்ளவில்லை. அப்புறம் ஒரு மாதம் உட்கார்ந்து புதிதாக எழுதினான். கோப்பைத் தொடவே கூடாது. குறிப்பு தனி இடத்தில், தனிப் பாதையில் போக வேண்டும், ஏற்கெனவே எழுதிய வரி எதையும் திருத்தாமல் அடியில் ஒரு வரி சேர்த்துவிட்டு உடனே கையை எடுத்துவிட வேண்டும், எழுத நேரமில்லாவிட்டால் குறிப்பு ஓரமாக வரிசையில் காத்திருக்கட்டும், கோப்பைப் பார்க்க வந்தவர் ஒரு நொடியும் காத்திருக்கக் கூடாது. ரோட்டோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து போகிற வருகிற வண்டிகளைக் கணக்கெடுக்கிறார்களே, அவர்கள் எந்த வண்டியையும் கைகாட்டி நிறுத்துவதில்லை. அப்படி. நன்றாக வந்திருந்தது. இருபது வருஷத்தில் அவன் செய்த வேலைகளில் இதுதான் சுத்தமான வேலை என்று நேற்று ராத்திரி அவளிடம் சொல்ல நினைத்தான், அவள் முழங்காலை மார்போடு மடக்கிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள், சொல்லவில்லை.

விழுந்துவிட்டது. ஏழு ஏழு மூன்று. நோய்க்கூறு ஆய்வு, டாக்டர் சந்தானகிருஷ்ணன். சதையைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்ப்பவர். சரி, அவர் பார்க்கத்தான் வேண்டும், அவர் பார்க்காமல் முடிவு எப்படி வரும், இதில் ஒன்றுமில்லை. கண், பிரசவம், எலும்பு, கண். மறுபடியும் சந்தானகிருஷ்ணன், மறுபடியும் ஏழு ஏழு மூன்று. ஒரு தடவை பார்த்தது போதாதா. எழுதுவதற்கு முன்னால் வயதைச் சரிபார்க்கிறாராக இருக்கும், பெயரைச் சரிபார்க்கிறாராக இருக்கும், ஒழுங்கான மனுஷன், இரண்டு தரம் பார்ப்பார். இந்த வலிக்கு ஆரம்பம் எது என்று பின்னாலே பின்னாலே போய்த் தேடினால் பிடிபடுவதில்லை. வசந்தாமணி பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள், சம்பத் நகரில் பாதிப் பொம்பளைகள் அவளிடம் பழகியவர்கள்தான், பின்சீட்டில் உட்கார்ந்து, "காலைத் தூக்கு கண்ணு, ரோட்டைப் பாரு, டயரைப் பாக்காத" என்று கத்திக்கொண்டே போவாள். சித்திரையில் ஒரு நாள் குனிந்தபடி வந்தாள். "ஒண்ணுமில்லீங்க, அந்தப் புள்ள பிரேக்கைப் புடிக்கறதுக்குப் பதிலா ஆக்சிலேட்டரைத் திருகிப்போட்டா. இடுப்புப் புடிச்சுக்கிச்சு." இடுப்புதான் என்று இவனும் நம்பினான். தைலம் தேய்த்தான். அப்புறம் சாப்பாடு இறங்கவில்லை என்றாள், கேஸ் என்றான், அவன்தான் சொன்னான், கேஸ் என்று, டாக்டர் மாதிரி, ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பதால் எல்லாம் தெரிந்த மாதிரி, ஓமத் தண்ணி குடி என்று. ஜாக்கெட்டைப் பிடித்துத் தைத்தாள், இன்னொரு தரம் பிடித்துத் தைத்தாள், இளைச்சது நல்லதுக்குத்தான் என்று கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். மாடியேறி வந்தால் டாக்டர் இருக்கிற இடத்தில், தினமும் அவர்கள் கூடவே லிஃப்டில் ஏறி இறங்குகிற ஒருத்தன், கேஸ் என்றான். இன்னொரு வரி. அதே எண். டாக்டர் பத்மாவதி, நோய்க்கூறு ஆய்வுத் துறைத் தலைவர். தலைவர் எதற்கு. ஒருவர் பார்த்து முடிவு சொல்வதற்கு முன்னால் இன்னொருவரையும் பார்க்கச் சொல்வது எப்போது? சந்தேகம் வந்தால். சந்தேகம் என்றால் நல்லதுதானே, சந்தேகம் என்றால் இதுவாகவும் இருக்கலாம் அதுவாகவும் இருக்கலாம். அல்லது சந்தேகமே இல்லாதபோது, இதை நான் ஒருத்தன் மட்டும் சொல்ல வேண்டாம் என்று கூப்பிடுவார்களோ. அவனுக்கு அது தெரியாது. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் வரிகள். கையைத் தொடைக்கு அடியிலிருந்து எடுத்தான், நாற்காலியின் தையல் உள்ளங்கையில் அச்சாகப் பதிந்திருந்தது. வாய் காய்ந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, தண்ணீர்ப் பாட்டில் இரண்டு மேசை தள்ளி இருந்தது, எழுந்து போகலாம், போய்விட்டு வருவதற்குள் வரி விழுந்துவிட்டால். விழுந்தால் என்ன, மேலே உருட்டிப் பார்த்துக்கொள்ளலாமே, எதுவும் அழிவதில்லை, அவன் எழுதியதில் எதுவும் அழிவதில்லை. இருந்தாலும் எழவில்லை.

டாக்டர் மீனலோசனி. வரி விழுந்த சத்தம் கேட்ட மாதிரி இருந்தது, வரிக்குச் சத்தம் கிடையாது. ஆக முடிவு வந்துவிட்டது, அவர் திறந்துவிட்டார், கீழ்த்தளத்தில் ஆறாவது அறையில் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு அவர் இப்போது வாசித்துக்கொண்டிருக்கிறார், வசந்தாமணிக்கு என்ன என்பது இப்போது மூன்று பேருக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. இவன் கோப்பைத் திறந்தால் இவனுக்கும் தெரியும். திறக்கலாம், இவன் கையில் எல்லாச் சாவியும் இருக்கிறது, ஆனால் திறக்கக் கூடாது என்பதற்காகத்தான் ஒரு மாதம் உட்கார்ந்து எழுதினான், முதல் நாளே இவன் பெயரா அதில் விழுவது. சே, அதனால் இல்லை. பெயர் விழுந்தால் விழுந்துவிட்டுப் போகிறது. பயம்தான். திறந்தால் எழுத்து இருக்கும், எழுத்தை வாசித்துவிட்டால் வாசிக்காதவனாகத் திரும்ப முடியாது. இன்னொரு வரி. டாக்டர் ரங்கபாஷ்யம், வயிற்று அறுவைச் சிகிச்சை. நல்லசிவத்துக்கு நெஞ்சுக்குள் என்னவோ சடக்கென்று நிமிர்ந்தது. ஆபரேஷன்! அறுக்கிற டாக்டரைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றால் அறுப்பதற்கு இருக்கிறது, எடுத்து எறிவதற்கு இருக்கிறது, எடுத்துவிட்டால் போயிற்று, வீட்டை அடமானம் வைத்தாலும் வைக்கலாம், அவள் ஆறு மாதம் படுக்கையில் கிடக்கட்டும், இவன் சோறாக்குவான், மகள் தர்சினி சென்னையில் காலேஜுக்கு லீவு சொல்லிவிட்டு வருவாள், எழுந்து நின்றுவிட்டான், நின்றபடியே திரையைப் பார்த்தான், ரங்கபாஷ்யம் அதே மூச்சில் வேறு ஒரு எண்ணைத் திறந்திருந்தார். குடல்வால் நோயாளியோ யாரோ. ஏழு ஏழு மூன்றை அவர் ஒரு நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. ஸ்கேன் படத்தைப் பார்த்திருப்பார், மூடியிருப்பார். அறுக்கப் போகிறவர் இவ்வளவு சீக்கிரமாகவா பார்ப்பார், ஒரு சட்டை தைக்கிறவன்கூட இதைவிட அதிக நேரம் துணியைப் பார்ப்பானே. உட்கார்ந்தான். பழகிய கண் அவருக்கு, பார்த்த மாத்திரத்தில் தெரியும், சுலபமான கேஸாக இருக்கும், அதனால் நேரம் ஆகவில்லை, அதனால்தான். அதனால்தான் என்பதை அவன் உதடு திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது, கண் பிரிவு, கண் பிரிவு, குழந்தைகள், அதனால்தான், எலும்பு, அதனால்தான், ஏழு ஏழு மூன்று. பேலியேட்டிவ்.

பேலியேட்டிவ் பிரிவு பின்கட்டில், வேப்பமரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே கணினி பழுதானால் இவன்தான் போவான். அங்கே யாரையும் குணமாக்குவதில்லை, குணமாகாது என்று ஆனவர்களுக்கு வலியை மட்டும் குறைத்துக் கொடுக்கிறார்கள், அந்த சிஸ்டர்கள் மெதுவாகப் பேசுவார்கள், மேசையில் எப்போதும் ஒரு டப்பாவில் கமலா ஆரஞ்சு மிட்டாய் இருக்கும், போன தடவை இவன்கூட ஒன்று எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். அப்போது நடந்தது என்னவென்று பிற்பாடு அவனால் வரிசையாகச் சொல்ல முடியவில்லை. அழுகை வரவில்லை. டாக்டர் மீனலோசனி இப்போது எழுதப்போகிறார் என்ற ஒரே நினைப்புத்தான் இருந்தது. பார்த்துவிட்டார்கள், எல்லோரும் பார்த்துவிட்டார்கள், ஆனால் இன்னும் எழுதவில்லை, எழுதுகிறவரைக்கும் அது ஆகாது. கைகள் அதுவாகவே போயின. பின்வாசல் வழியாக நேரே தரவுக்குள் நுழைந்தான், முன்வாசலில் வருகிறவர்கள் பெயரைத்தான் லாக் குறிக்கும், பின்வாசலுக்கு அது கிடையாது, அங்கே வருகிற ஒரே ஆள் அவன்தான். அந்த ஒரு கோப்பை மட்டும் திருத்தப்போகிறேன் என்று சொல்லிக் கையில் எடுத்தான். எடுத்தவன் திருத்தவில்லை. கீழே வைக்கவும் இல்லை. ஒரு மாதமாக எது நடக்கக் கூடாது என்று எழுதி எழுதி அடித்தானோ அதை மூன்று வார்த்தையில் தட்டி, எண்டரை அழுத்திவிட்டுக் கையை மறுபடி தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான். இனி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். யாரும் எதுவும் எழுத முடியாது.

என்ன ஒரு அமைதி. குளிர்சாதனத்தின் இரைச்சல்கூட எங்கோ தள்ளிப்போய்விட்ட மாதிரி இருந்தது. மீனலோசனி எழுதிச் சேமிக்கப் பார்ப்பார், சக்கரம் சுற்றும், சுற்றட்டும். திங்கட்கிழமை கூட்டத்தையே நிறுத்தியவன் அவன், ஒரு எழுத்தை நிறுத்த முடியாதா. அவளுக்கு நாற்பத்து மூன்று வயது, வயிற்று வலி, காரணம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், கோப்பில் இவ்வளவுதான் இருக்கிறது, இப்படியே இருக்கட்டும், காரணம் பார்த்துக்கொண்டே இருக்கட்டும். தொட்டிபாளையம் ரயில்வே கேட்டில் ஒரு தரம் இரண்டு பேரும் மாட்டிக்கொண்டார்கள், ரயில் வரவே இல்லை, எல்லோரும் ஹாரன் அடித்துக்கொண்டிருக்க வசந்தாமணி வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வெள்ளரிப்பிஞ்சு வாங்கி வந்து, "அவசரமா போயி என்ன பண்ணப் போறோமுங்க" என்று இவன் வாயில் ஒரு துண்டை வைத்தாள், உப்பும் மிளகாயும் உதட்டில் எரிந்தது. அவ்வளவுதான், அதற்குமேல் அந்த நாளில் ஒன்றும் நடக்கவில்லை, ரயில் போனது, கேட்டைத் திறந்தார்கள். திறக்கத்தான் செய்வார்கள். வரிகள் விழுந்தன: மீனலோசனி, ஏழு ஏழு மூன்று. பேலியேட்டிவ், ஏழு ஏழு மூன்று. மீனலோசனி. திறந்து திறந்து பார்க்கிறார்கள், எழுதவில்லையே என்று பார்க்கிறார்கள். இரண்டாம் மாடி வார்டு, சிஸ்டர் லூர்து, ஏழு ஏழு மூன்று. அப்புறம் மீனலோசனியின் பெயர் மறுபடியும், ஆனால் இந்தத் தடவை பக்கத்தில் ஆறாவது அறை என்று இல்லாமல் இரண்டாம் மாடி வார்டு என்று இருந்தது, அதை அவன் பார்த்தான், பார்த்தபோதே பார்வை அடுத்த வரிக்குப் போய்விட்டது. லூர்து, லூர்து. எவ்வளவு நேரம் பிடித்துவைத்திருக்க முடியும்? ராத்திரி இயந்திரம் தானாக எல்லாவற்றையும் நகலெடுக்கும்போது விட்டுத்தான் ஆக வேண்டும். ராத்திரிக்கு இன்னும் நேரம் இருக்கிறது. ராத்திரி வரைக்கும் என்ன, ராத்திரிக்குப் பிறகு என்ன, கோப்பில் எழுதாவிட்டால் அவள் வயிற்றில் அது இல்லாமல் போய்விடுமா, யாரடா நீ, இருபது வருஷம் இதே வேலை பார்த்துவிட்டு எழுத்துத்தான் உடம்பு என்று நினைக்கிற பைத்தியக்காரன். தெரிகிறது. எல்லாம் தெரிகிறது. கை மட்டும் தொடைக்கு அடியிலிருந்து வரவில்லை. மேசை போன் அடித்தது. அடித்து நின்று, மறுபடி அடித்தது.

"சார், லூர்து பேசறேனுங்க, ரெண்டாவது மாடி. நம்ம அக்கா ஃபைலு சேவ் ஆக மாட்டேங்குதுங்க சார். டாக்டரம்மா ரெண்டு மூணு வாட்டி போட்டுப் பாத்துட்டாங்க."

"என்ன சேவ் ஆகல?" என்று கேட்டான். குரல் வேறு யாரோ கேட்டது போலிருந்தது.

"ஊசிங்க சார். மார்ஃபின் ஆர்டர். அது ஏறுனாத்தானுங்க ஸ்டோர்ல அலமாரியத் தொறந்து குடுப்பாங்க. அக்காவுக்கு வலி தாங்கலைங்க சார், கட்டில் கம்பியப் புடிச்சுட்டுக் கெடக்கறாங்க. சத்தம் போட மாட்டேங்கறாங்க, ஒதட்டக் கடிச்சு ரத்தமே வந்துருச்சு."

"பேப்பர்ல எழுதி வாங்குங்க சிஸ்டர்."

"அந்த ஊசிக்கு மட்டும் பேப்பரு செல்லாதுங்களே சார். போன வருசம் நீங்கதான அப்படி மாத்திக் குடுத்தீங்க."

ஆமாம், அவன்தான். போனைக் கீழே வைத்தானா என்பது ஞாபகமில்லை, வைக்காமலேதான் தட்டியிருக்க வேண்டும், ஏனென்றால் ஹலோ சார், ஹலோ என்று லூர்துவின் குரல் மேசையிலிருந்து வந்துகொண்டிருந்தது. கோப்பை விட்டான். விட்ட கணமே அதுவரை வாசலில் நின்றதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே போனது, டாக்டர் எழுதியது போனது, மருந்து ஆர்டர் போனது, பேலியேட்டிவ் பிரிவில் எழுதியது போனது, எதுவும் தொலையவில்லை, எதுவும் வரிசை மாறவில்லை, காத்திருந்து உள்ளே போவதற்கு என்றே கட்டிய ஏற்பாடு அது, நன்றாக வேலை செய்தது. லிஃப்டுக்கு நிற்காமல் படியில் ஏறினான். முதல் மாடி வளைவில் ஒரு அம்மாள் தட்டில் இட்லி ஏந்திக்கொண்டு இறங்கினாள், இடித்துவிட்டான், ஒரு இட்லி படியில் உருண்டது, "பாத்து வரப்படாதா" என்றாள், பார்த்து வரப்படாதா பார்த்து வரப்படாதா என்று அதே வார்த்தை காலோடு காலாக ஏறி வந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு. உதட்டைக் கடித்து. இவன் வெள்ளரிப்பிஞ்சை நினைத்துக்கொண்டு கீழே அமைதியாக உட்கார்ந்திருந்த அத்தனை நேரமும். அமைதி என்று வேறு நினைத்தானே, என்ன ஒரு அமைதி என்று. மாடி வராண்டாவில் யாரோ அவனைப் பார்த்து, என்ன சார் இந்தப் பக்கம், என்றார்கள். தலையசைத்தான், ஆமாம் என்றா இல்லை என்றா தெரியாத மாதிரி ஒரு அசைப்பு.

ஊசி போட்டாகிவிட்டது. லூர்து காலி ஊசிக்குழலைத் தட்டில் வைத்துக்கொண்டு எதிரே வந்தவள், "இப்ப பரவால்லைங்க சார், இன்னும் கொஞ்சத்துல கண்ணசந்துருவாங்க" என்று சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்க்காமல் போனாள். வசந்தாமணி தலைப்பக்கம் உயர்த்திய கட்டிலில் சாய்ந்திருந்தாள். கீழுதட்டில் ரத்தம் காய்ந்து கறுப்பாக ஒரு கோடு. நெற்றி முடி வேர்வையில் ஒட்டியிருந்தது. கட்டிலோரம் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், யாரோ உட்கார்ந்துவிட்டு எழுந்துபோனது போலத் திரும்பிக் கிடந்தது. அவன் அதில் உட்கார்ந்தான்.

"வந்துட்டீங்களா" என்றாள்.

"நாலு மணிக்குத்தான வரச் சொன்னாங்க. நாம ரெண்டு பேரும் போயி..."

"டாக்டரம்மா வந்துட்டுப் போயிட்டாங்க."

அவன் ஸ்டூலைக் கட்டிலருகே இழுத்துக்கொண்டான்.

"கம்ப்யூட்டர்ல எழுத முடியலையாமா. என்னாச்சுன்னு பாக்க நேரா மேலயே வந்துட்டாங்க. நா கெடந்த கெடையப் பாத்துப்போட்டு இந்த ஸ்டூல்ல உக்காந்தாங்க. என்னைக்கும் நின்னுட்டே பேசறவங்க உக்காந்தாங்களேன்னு, நானேதானுங்க கேட்டேன். சொல்லுங்க டாக்டரம்மா, அவரு வர்ற வரைக்கும் என்னால தாங்க முடியாதுன்னேன்." நாக்கு லேசாகக் குழறியது, மருந்து ஏறிக்கொண்டிருந்தது. "கணையத்துலீங்களாமா. கல்லீரலுக்கும் போயிருச்சாமா. அறுக்கறதுக்கெல்லாம் இல்லீங்களாமா."

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது அவர்கள் சொல்லியிருக்க வேண்டும், அந்தக் கை தனியாக இருந்திருக்கிறது, அல்லது கம்பியைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறது. ரெண்டு பேரையும் ஒண்ணா. நாலு மணி. அதை அவன்தான் குலைத்தான், வேறு யாருமில்லை, நாலு மணிக்கு ஆறாவது அறையில் இரண்டு நாற்காலி போட்டு ஒன்றாகக் கேட்டிருக்க வேண்டியதை அவளைத் தனியாகக் கேட்கவைத்தான், வலிக்கு நடுவில் கேட்கவைத்தான். இதை யாரும் கண்டுபிடிக்கமாட்டார்கள். தாமோதரன் கேட்டால், ஒரு கோப்பு கொஞ்ச நேரம் சிக்கிச்சுங்க, சரிபண்ணிட்டேன் என்றால் போதும், அவன் பெயர் எங்கேயும் விழவில்லை. சொல்லாமலிருந்தால் அவளுக்குத் தெரியாமலே போய்விடும், அவளுக்கு இனிமேல் தெரிந்து என்ன ஆகப்போகிறது, இந்த நேரத்தில் போய் இதைச் சொல்வது தன் பாரத்தை இறக்கி அவள் மேல் வைப்பதுதான், வைக்கக் கூடாது, வைக்கவே கூடாது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே வாய் சொல்லிவிட்டது.

"நான்தான் வசந்தி பூட்டி வெச்சிருந்தேன்."

"என்னதுங்க?"

"உன்ற ஃபைல. அவங்க எழுதக் கூடாதுன்னு. பேலியேட்டிவ்காரங்க உன்ற ஃபைலத் தொறந்ததக் கீழ பாத்துட்டேன், எனக்குத் தெரிஞ்சுபோச்சு, அவங்க எழுதாம இருந்தா... ஊசி அதுலதான் வரோணும்னு நெனைக்கல. நெனைக்காமப் போயிட்டேன்."

அவள் அவனையே பார்த்தாள். அவள் கண்ணின் கருமணி ஊசிமுனை மாதிரிச் சின்னதாகியிருந்தது. பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண்ணுக்கு யாரோ கஞ்சி ஊட்டினார்கள், கரண்டி டம்ளரில் இடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் கோபப்பட்டால் தேவலை, ஏதாவது திட்டினால் தேவலை, தெருவில் குறுக்கே வரும் லாரிக்காரனைத் திட்டுவாளே, அப்படி.

"எவ்வளவு நேரமுங்க?" என்று கேட்டாள்.

"இருவது நிமிசம் இருக்கும்."

"எனக்கு அது ஒரு நாளாட்ட இருந்துச்சுங்க."

அவ்வளவுதான் சொன்னாள். அதில் கோபமும் இல்லை, மன்னித்த மாதிரியும் இல்லை, வழி கேட்டவருக்குத் தூரம் சொல்வதைப் போலச் சொன்னாள். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஜன்னலைப் பார்த்தபடியே, "தலைப்பக்கம் ஒசரமா இருக்குது. எறக்குங்க, நா படுக்கறேன்" என்றாள். அவன் ஸ்டூலைத் தள்ளிவிட்டுக் கட்டிலின் கால்மாட்டில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து இரும்புக் கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தான். துருப்பிடித்த கைப்பிடி, சுற்றுக்கு ஒரு முனகல். அங்கிருந்து பார்த்தால் போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த அவளுடைய பாதங்கள் மட்டும் தெரிந்தன, குதிகாலில் வெடிப்பு, ஸ்கூட்டரில் தேய்ந்த கட்டைவிரல். போதுங்க, என்று மேலேயிருந்து குரல் வந்தது. சுற்றினான். "போதுமுன்னு சொல்றனில்லீங்க" என்றாள், அரைத் தூக்கத்தில், அலுப்போடு. கட்டில் சமமாகிவிட்டது, கைப்பிடி அதற்குமேல் சுற்றவில்லை, அவன் அதைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான், எழுந்தால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.